கப்பலூர்க்காரன் தோண்டிய ரைசோபோகான்

ரைசோபோகான்! கொஞ்ச நாளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தொழிற்பேட்டை வாசல் டீக்கடை மாஸ்டர், "என்னண்ணே, சுகர் மாத்திரைய மாத்திட்டாங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். மாத்திரை இல்லப்பா, காளான்! மண்ணுக்குள்ளேயே பிறந்து, மண்ணுக்குள்ளேயே முற்றி, மண்ணுக்குள்ளேயே கரைந்துபோகிற காளான். குடை கிடையாது, காம்பு கிடையாது. பைன் குடும்பத்து மரங்களின் வேரோடுதான் வாழும். அதை நீலகிரியில் என் கையாலேயே தோண்டி, அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, இன்னதுதான் என்று சொல்லிவிட்டேன். லேத்தில் இரும்பு கடைந்தே பழகிய கை இது. அந்தக் கைக்கு இப்படி ஒரு யோகம்!

மதுரையை ஒட்டிய கப்பலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு டோல்கேட் ஞாபகம் வரும். எங்களுக்கு சிட்கோ தொழிற்பேட்டை. பட்டறைச் சத்தத்துக்கு நடுவே காளானுக்கு என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. ஐப்பசியில் மழை சேர்ந்தாற்போல நாலு நாள் பிடிக்கட்டும், வந்து பாருங்கள். புற்றுக்காளானை விடிவதற்குள் பறித்துக் கூறு போட்டு விற்பார்கள். வேறொரு புற்றின் உச்சியில், கடைசிவரை விரியாத வெள்ளைத் தொப்பியோடு விறைப்பாக நிற்கும் பொடாக்ஸிஸ். தைல மரத்தடிக்குப் போனால் பிசோலித்தஸ். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே என்று கிடக்கும் பழுப்பு உருண்டை அது. அறுத்தால் உள்ளே மஞ்சளும் பழுப்புமாகச் சின்னச் சின்ன அறைகள் நெருக்கியடித்து நிற்கும். முற்றினால் மேல்புறத்திலிருந்து உடைந்து தூளாகப் பறக்கும்.

இந்தப் பிசோலித்தஸ்தான் என்னைக் கெடுத்தது. தைல மரத்தின் வேரில் கூட்டுவைத்து வாழ்கிற காளான் அது. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. அது மரத்துக்கு மண்ணிலிருந்து பாஸ்பரஸும் தண்ணீரும் இழுத்துக் கொடுக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எந்த மரத்தைப் பார்த்தாலும், இதன் காலடியில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விதான். வேம்பு, புளி, கருவேலம் இவற்றின் கூட்டாளிகள் வேருக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிற நுண்ணியவை. கண்ணுக்குத் தெரிகிற காளானாக எழும்பாதவை. பைன் மரத்துக்கு வந்தபோது அடித்தது ஜாக்பாட். அதன் காலடியில் ஒரு படையே இருக்கிறது. அந்தப் படையில் மேலே தலைகாட்டாத ஆள்தான் நம் ரைசோபோகான்.

ட்ரஃபிளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலியின் வெள்ளை ட்ரஃபிள் கிலோ லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகும். நாயைப் பழக்கி மோப்பம் பிடித்துத் தேடுவார்கள். அது ட்யூபர் என்ற பேரினம். அதன் வித்துகள் நுண்ணிய பைகளுக்குள் அடைபட்டு வளரும். ரைசோபோகானும் அதே போல மண்ணுக்கடியில் உருண்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. இதன் வித்துகள் பைக்குள் அல்ல, நுண்ணிய காம்புகளின் நுனியில் வெளியே முளைப்பவை. கடையில் வாங்குகிற மொட்டுக்காளானும் சிப்பிக்காளானும் சேர்ந்த பெருங்கூட்டத்தில் இதுவும் ஒன்று. அதனால்தான் இதைப் போலி ட்ரஃபிள் வரிசையில் வைக்கிறார்கள். 1817இல் ஸ்வீடன்காரர்களான ஃப்ரீஸும் நூர்ட்ஹோல்மும் இந்தப் பேரினத்தை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். 1966இல் அலெக்சாண்டர் ஸ்மித்தும் ஜெல்லரும் வட அமெரிக்க ரைசோபோகான்களுக்கென்றே ஒரு நூல் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தார்கள். ஒரு மண்ணுருண்டையில் நூறு வகை! எனக்குத் தூக்கம் போனது இந்த இடத்தில்தான்.

சரி, அமெரிக்காவில் இருக்கிறது, நமக்கென்ன என்று விட்டிருப்பேன். தென்னிந்தியாவுக்கென்று சொந்தப் பைன் மரம் ஒன்றுகூடக் கிடையாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நிற்பவையெல்லாம் நட்டு வளர்த்தவை. அவற்றில் முக்கியமானது மெக்சிகோவிலிருந்து வந்த பைனஸ் பாட்டுலா. ஆனால் மரம் கடல் தாண்டி வரும்போது கூட்டாளியும் வந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தைச் சேர்ந்த கே. நடராஜனும் வி. மோகனும், கே. இங்கிள்பியோடு சேர்ந்து, பாட்டுலா தோட்டங்களில் வேர்க்கூட்டுக் காளான்களைத் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். 1993இல் 'மைக்கோரைசா' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை வரிசையில் மூன்றாவது, ரைசோபோகான் லுட்டியோலஸும் ஸ்க்ளீரோடெர்மா சிட்ரினமும் பாட்டுலா வேரில் என்ன மாதிரி உறை போடுகின்றன என்பதைப் பற்றியது. நம்ம மலையிலேயே இருக்கிறது! அன்றைக்குப் பட்டறையில் எனக்கு வேலையே ஓடவில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சித்தப்பா மகளைக் கட்டிய மாப்பிள்ளை வேலை பார்க்கிறார். அங்கே தேயிலைக்கு மேலே, சரிவில் பழைய பைன் தோப்பு ஒன்று உண்டு. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கொத்துவது குற்றம். எனவே எஸ்டேட்டில் கேட்டு, சரி என்று வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். கோத்தகிரி நீலகிரியின் கிழக்கோரம். வடகிழக்குப் பருவமழை அங்கே நன்றாகப் பிடிக்கும். ஆகவே கார்த்திகை. ஆரப்பாளையத்தில் கோவை பஸ், மேட்டுப்பாளையத்தில் மாறி மலையேற்றம். பையில் களைக்கொத்து, பேனாக்கத்தி, பத்து மடங்கு பெருக்குகிற கைலென்ஸ், காகிதக் கவர்கள், பட்டறையிலிருந்து வெர்னியர். வெர்னியர் எதற்கு என்று தங்கச்சி சிரித்தாள். அளக்காமல் நான் எதையும் கையில் எடுத்ததில்லை.

பைன் தோப்புக்குள் நுழைந்தால் முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். பாட்டுலாவின் ஊசியிலைகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகக் கொத்தாக, மெலிந்து, நீளமாகக் கீழ்நோக்கித் தொங்கும். தொங்குகிற ஊசிகளைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். தரையெங்கும் சருகு. அதன் நடுவே சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த அமானிட்டா மஸ்காரியா நிற்கிறது. அழகி, ஆனால் நச்சு. பக்கத்தில் சுயில்லஸ். குடையின் மேல்தோல் வழவழவென்று கையில் ஒட்டும். கீழே செவுள்களுக்குப் பதில் பஞ்சுத் துளைகள். இந்த இரண்டையும் பார்த்தால் பைன் வேர் உயிரோட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நான் தேடி வந்தவர் இப்படியெல்லாம் வாசலில் வந்து நிற்கிறவர் இல்லையே!

கொழுந்து பறித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா என் கொத்தலைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "எதுக்கு சார் கண்ட எடத்துல கொத்துறீங்க? பன்னி கிண்டின எடத்தப் பாருங்க. அதுக்குத் தெரியாத கெழங்கா?" என்றார். எத்தனை பெரிய வார்த்தை! இந்த மண்ணடிக் காளான்களின் பிழைப்பே அதுதான். காற்றில் வித்தைத் தூவ வழியில்லை, மண்ணுக்குள் கிடக்கிறது. முற்றியதும் வாசம் விடும். பன்றியோ மானோ அணிலோ எலியோ தோண்டித் தின்னும். வித்துகள் வயிற்றில் செரிக்காமல் வேறோர் இடத்தில் எருவோடு விழும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் விலங்குகளின் சாணத்தைக் கரைத்து வித்து எண்ணுகிற ஆராய்ச்சியாளர்களே இருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு அந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

காட்டுப்பன்றி கிண்டிய மண்ணைத் தாண்டி, பாதை வெட்டிய ஓரத்தில், சருகு மெலிந்த இடத்தில், மண் லேசாகப் புடைத்து வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஒரு மஞ்சள் பழுப்புத் தோல். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு விரலாலேயே மண்ணைத் தள்ளினேன். உருண்டை! இரண்டாவது! அதற்குப் பின்னால் மூன்றாவது! பெரியது வெர்னியரில் 34 மில்லிமீட்டர். மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது போன போகத்து உருளைக்கிழங்கு. பன்னி இழுத்துட்டு வந்து போட்டிருக்கும்" என்றார். நீலகிரிக்காரர் சொன்னால் நியாயம்தான். சுற்றிலும் உருளைக்கிழங்கு விளைகிற பூமி.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கட்டுரை. மற்றதெல்லாம் முன்னுரை.

முதலில் தோல். லென்ஸ் வைத்ததும் கிழங்குக் கட்சி தோற்றது. தோலின்மேல் பழுப்பு நூல்கள் ஒட்டிப் படர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, வலையாகச் சுற்றியிருந்தன. சில நூல்கள் தோலைவிட்டு மண்ணுக்குள் ஓடின. காளானின் இழைகள் கற்றையாகச் சேர்ந்து உண்டாகிற வடங்கள் இவை. வேருக்கும் உருண்டைக்கும் போக்குவரத்து இதன் வழியாகத்தான். ரைசோபோகானைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. பிடுங்கி எடுத்தபின் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால் பாதி சாட்சி போய்விடும். மண்ணோடு வையுங்கள்.

அடுத்து அறுப்பு. மேலிருந்து கீழாக, நட்டநடுவே. இது வெறும் ஆர்வத்துக்காக அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. அமானிட்டா குட்டியாக இருக்கும்போது அதுவும் மண்ணுக்குள் ஓர் உருண்டைதான். அந்தக் குடும்பத்தில் ஆளையே முடித்துவிடுகிற இனங்கள் உண்டு. ஆனால் அறுத்தால் குட்டு வெளிப்படும்: உள்ளே சின்னக் குடை, சின்னக் காம்பு, செவுள் என்று எல்லாம் கோட்டுருவமாகத் தெரியும். என்னுடைய உருண்டையில் அப்படி ஒன்றுமில்லை. தலையும் இல்லை, காலும் இல்லை. அப்பாடா!

மூன்றாவது சந்தேகம் ஸ்க்ளீரோடெர்மா. இதுதான் பெரிய ஏமாற்றுக்காரன். அதே பாட்டுலா வேரில் வாழ்வது, அதே 1993 கட்டுரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது, தின்றால் வாந்தி பேதியில் கொண்டுபோய் விடுவது. அதன் தோல் தடித்துக் கெட்டியாக இருக்கும். அறுத்தால் உள்ளே சீக்கிரமே ஊதாக்கறுப்பாகி, கடைசியில் தூளாகும். என் கையில் இருந்ததற்குத் தோல் மெல்லிசு. உள்ளே வெளிர் நிறம். முதலில் வழவழவென்று ஒரே சதையாகத் தெரிந்தது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன்... ஆகா! சதையெங்கும் துளை! ஒழுங்கில்லாத, வளைந்து நெளிந்த, ஊசிமுனை அளவுக் குகைகள்! ஒவ்வொரு குகையின் சுவரிலும்தான் வித்துகள் முளைக்கின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு நகரம் 34 மில்லிமீட்டருக்குள் அடைந்து கிடக்கிறது. மாப்பிள்ளையிடம் லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கிழங்கு இல்ல மச்சான்" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தர வேண்டாம்.

இரண்டாவது உருண்டை கொஞ்சம் முற்றியது. உள்ளே ஆலிவ் பச்சை கலந்த பழுப்பு. மூன்றாவது அழுகல்; விரல் பட்டதும் கொழகொழவென்று இறங்கி நாறியது. அதுவும் சாட்சியே! புழுதிப்பந்துக் காளான்கள் முற்றினால் தூளாகும். ரைசோபோகான் ஒருபோதும் தூளாகாது, கூழாகும். உண்மையான ட்ரஃபிளில் சதைக்குள் பளிங்குக்கல் கோடுகள் ஓடும். இதில் கோடே இல்லை. ஒரே இடத்தில் பிஞ்சு, காய், அழுகல் மூன்றும் கிடைத்தது என் அதிர்ஷ்டம். ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால் பாதி வழியில் நின்றிருப்பேன்.

பிறகு நிறமாற்றம். ரைசோபோகான் ரோசியோலஸ் என்ற உறவுக்காரன் கீறினாலோ நசுக்கினாலோ சிவப்பான். நான் தோலை நகத்தால் கீறிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு டீ குடித்து முடித்தும் சிவக்கவில்லை. தோல் முழுக்கச் சுற்றிய அடர்ந்த வடவலை, சிவக்காத கீறல், மஞ்சள் பழுப்பு நிறம், பாட்டுலா வேர். எல்லாம் லுட்டியோலஸ் பக்கமே கை நீட்டின. இனத்தை அடித்துச் சொல்ல டிஎன்ஏ பார்க்க வேண்டும். பேரினத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

வேரையும் விடவில்லை. உருண்டை இருந்த குழியிலிருந்து ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் அலசினேன். மெல்லிய வேர் நுனிகள் இரண்டு இரண்டாகக் கவட்டையாகப் பிரிந்து, மறுபடி பிரிந்து, கொத்தாக நின்றன. அவற்றின்மேல் வெள்ளை உறை. இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று 1885இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான ஆல்பெர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். அவரிடம் பிரஷ்ய அரசு கேட்டது வேறு; எங்கள் நாட்டில் ட்ரஃபிள் பயிரிட முடியுமா பாருங்கள் என்று. ட்ரஃபிளைத் தேடிப் போன மனிதர், மரங்களின் வேரெல்லாம் காளானைப் போர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்! ட்ரஃபிள் சாகுபடியில் வந்திருக்கக்கூடிய எந்த லாபத்தையும்விட இது பெரிது.

மதுரை திரும்பியதும் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற நண்பரைப் பிடித்தேன். அவர் ஆய்வகத்தில் ஒரு துளித் தண்ணீரில் சதையைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் வைத்தார். வித்துகள்! வழவழப்பாக, நீள்வட்டமாக, ஆயிரக்கணக்கில். நீளம் ஏழெட்டு மைக்ரான், அகலம் அதில் பாதிக்கும் குறைவு. மைக்ரான் எனக்குப் புதிதா? பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பத்து மைக்ரானுக்குச் சண்டை போடுகிறவன். அந்தப் பத்துக்குள் முழு வித்தே அடங்கிவிடுகிறது! ஸ்க்ளீரோடெர்மாவாக இருந்திருந்தால் வித்து உருண்டையாக, மேலே முள்ளோடோ வலையோடோ இருந்திருக்கும். கடைசிச் சந்தேகமும் செத்தது. நண்பர் ஸ்டூலிலிருந்து எழுந்து எனக்குக் கை கொடுத்தார்.

அவர்தான் 1989ஆம் ஆண்டு 'நேச்சர்' கட்டுரையைக் காட்டினார். டாம் புரூன்ஸும் அவர் கூட்டாளிகளும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டு, ரைசோபோகானுக்கு மிக நெருங்கிய சொந்தம் யார் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். யார் தெரியுமா? சுயில்லஸ்! நான் தோப்புக்குள் நுழைந்ததும் பார்த்தேனே, குடையும் காம்பும் பஞ்சுத் துளையுமாக, அதேதான்! குடை பிடித்து நின்ற மூதாதையின் வம்சத்தில் ஒரு கிளை குடையை விட்டு, காம்பை விட்டு, மண்ணுக்குள் இறங்கி உருண்டையாகிவிட்டது. அதுவும் பரிணாமக் கணக்கில் வெகு வேகமாக. அண்ணனும் தம்பியும் ஒரே மரத்தடியில், ஒருவன் மேலே, ஒருவன் கீழே. இரண்டையும் ஒரே காலையில் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தபோது அந்த ஆய்வகத்திலேயே கை தட்டிவிட்டேன். பக்கத்து மேசை மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இது வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் நாற்றங்காலில் பைன் கன்றுகள் தேறாமல் மஞ்சளித்து நின்றபோது, நன்றாக வளர்ந்த பைன் நாற்றங்காலின் மண்ணை அள்ளிப் போட்டால் தேறுகின்றன என்று 1927இல் கெஸ்ஸெல் காட்டினார். மண்ணோடு போனது வேர்க்கூட்டுக் காளான். பிறகு அந்த நாட்டில் கன்றுகளுக்கு ஏற்றிச் சோதித்த காளான்களில் லுட்டியோலஸும் உண்டு. புரூன்ஸ் குழு இன்னொரு கூத்து செய்திருக்கிறது. ரைசோபோகான் வித்துகளை மண்ணோடு கலந்து புதைத்துவிட்டு, 99 ஆண்டுகளுக்கு அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதாகத் திட்டம்! முதல் நான்கு ஆண்டுகளின் முடிவு 2009இல் வந்தது. வித்துகளின் வீரியம் குறையவில்லை, கூடியிருக்கிறது. தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே தொடங்கிய வேலை. இவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

"சரிண்ணே, விக்குமா? திங்கலாமா?" டீக்கடை மாஸ்டரின் அடுத்த கேள்வி. ஜப்பானில் ரோசியோலஸை 'ஷோரோ' என்று ஆசையாகத் தின்கிறார்கள். நியூசிலாந்தில் பைன் கன்றுகளின் வேரில் ஏற்றி அதை விளைவித்தும் பார்த்திருக்கிறார்கள். என்னுடையது அந்த வகையல்ல. நான் நாக்கில்கூட வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். தோப்பில் தோண்டியதைச் சட்டியில் போடுகிற தைரியம் இருக்கிறவர்கள் முதலில் ஸ்க்ளீரோடெர்மா பத்தியை இன்னொரு தடவை வாசிக்கவும். மாஸ்டருக்கு ஏமாற்றம். திங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, இதற்கா கோத்தகிரி வரை போனீர்கள் என்றார். அவருக்கு லென்ஸையும் காய்ந்த துண்டு ஒன்றையும் கொடுத்து, குகைகளைக் காட்டினேன். கல்லாவை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீ பொங்கி வழிந்தது.

அடுத்தது கொடைக்கானல். கப்பலூரிலிருந்து வத்தலக்குண்டு வழியாக அரை நாளில் போய்விடலாம். அங்கும் நட்டு வளர்த்த பைன் காடு இருக்கிறது. வனத்துறைக்கு அனுமதி கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மழை ஓய்ந்த வாரமாகப் பார்த்துக் கிளம்புவது. சேர்ந்து வருகிறவர்கள் வரலாம். காகிதக் கவர் நான் தருகிறேன், பாலித்தீன் பை வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். களைக்கொத்தும் லென்ஸும் அவரவர் கொண்டு வர வேண்டும். என்னுடையதை இரவல் கேட்கக் கூடாது.